மீட்டர் காட்டாத மருந்து

கேள்வி: மருந்தடிக்கும் வயலை ஒட்டியே எங்கள் கிணறு. டி.டி.எஸ். மீட்டர் 180 காட்டுகிறது. பூச்சிமருந்து கலக்கவில்லை என்று நம்பலாமா? லேபில் கொடுப்பதென்றால் எப்படிக் கொடுப்பது? – ஒரு வாசகி

பதில்: அந்த மீட்டரை நம்பி இருந்துவிடாதீர்கள் அம்மா. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து உப்பின் அளவைச் சொல்வதுதான் அதன் வேலை. உப்பு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். மருந்தோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிநீரில் ஒரு பூச்சிக்கொல்லிக்குப் பொதுவான வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். அதாவது, ஒரு கோடி லிட்டரில் ஒரு கிராம்!

இவ்வளவு குறைந்த அளவை இயந்திரத்தில் நேராக ஊற்றிப் பார்ப்பது பெரும்பாலும் சரிவராது. எங்கள் லேபில் ஒரு லிட்டர் நீரை, விரல் பருமன் குழாயில் அடைத்த, தண்ணீரோடு ஒட்டாத பூச்சுள்ள சிலிக்கா தூள் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குவோம். தண்ணீர் போய்விடும், மருந்து தூளில் தங்கிவிடும். அதைச் சில மில்லி கரைப்பானில் கழுவி எடுத்து, மேலே நைட்ரஜனை மெல்ல ஊதி ஒரு மில்லியாகச் சுண்ட வைப்போம். ஆயிரம் மடங்கு அடர்த்தி வந்துவிடும். அந்த நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அடிவரை காய்ந்துபோனால் டைகுளோர்வாஸ் மாதிரி எளிதில் ஆவியாகும் மருந்துகள் காற்றோடு போய்விடும். அப்புறம்தான், மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்.

இத்தனையும் வீணாவது பாட்டிலில்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் கொண்டுவந்தார். சோதித்தேன், எதுவும் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். என் மூத்தவர் காலி கேனை வாங்கி, உள்சுவரை மெத்தனால் விட்டுக் கழுவி, கழுவிய மெத்தனாலை இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அத்தனையும் சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அன்றே தண்ணீர் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினேன். அந்தத் தண்ணீரை அவர் வீட்டுக் குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் மனசு பதறுகிறது.

அதனால் பழுப்புக் கண்ணாடி பாட்டிலை லேபிலேயே கேட்டு வாங்குங்கள். பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பிடிக்கும் தண்ணீரால் பாட்டிலை அலசாதீர்கள். அலசினால் அதிலுள்ள மருந்தும் சுவரில் ஒட்டி, கணக்கு கூடிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

வயலில் என்னென்ன அடித்தார்கள் என்று டப்பாவைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். இது ரொம்ப முக்கியம். களைக்கொல்லியான கிளைபோசேட் தண்ணீரோடு அப்படி ஒன்றிப்போவது. நான் சொன்ன தூளில் அது தங்காது, அதற்குத் தனிச் சோதனை, பாட்டிலையும் தனியாகக் கேட்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் நாங்கள் அதைத் தேடவே மாட்டோம்.

ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால், எந்த அளவு வரை பார்த்தார்கள் என்று கேளுங்கள். லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத இயந்திரம் 2 மைக்ரோகிராம் இருந்தாலும் அதே வார்த்தையைத்தான் எழுதும்.