அஸ்டெக்குகள் அழிந்த பிறகு நாவா மக்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது? பழைய பழக்கவழக்கம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

முதலில் ஒரு திருத்தம். 1521-இல் ஸ்பானியரிடம் விழுந்தது அஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லான்தான், மக்கள் அழியவில்லை. நாவாட்டில் மொழி பேசுகிறவர்கள் எல்லோருமே நாவா மக்கள், அஸ்டெக்குகள் அவர்களில் ஒரு கிளை. அந்தப் போரில் ஸ்பானியர் பக்கம் நின்று அஸ்டெக்குகளை எதிர்த்த ட்லாஸ்காலாக்காரர்களும் நாவாதான். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி மெக்சிகோவில் இந்த மொழி பேசுவோர் 16 லட்சத்துக்கும் மேல். அதனால் "மிச்சம்" என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது.

வேலை விஷயமாகப் புவெப்லா நகரத்தில் இரண்டு வருடம் இருந்தேன். லீவு கிடைத்தால் வடக்கே மலைமேல் இருக்கும் குவெட்சாலான் பக்கம் கிளம்பிவிடுவேன். அங்கே ஒரு கிராமத்தில் நாவா குடும்பம் ஒன்று வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தது. எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

அவர்களுடைய நாள் முந்தின ராத்திரியே தொடங்கிவிடுகிறது. காய்ந்த மக்காச்சோளத்தைத் தண்ணீரில் போட்டு, சுண்ணாம்பு கரைத்து ஊற்றி அடுப்பில் ஏற்றுவார்கள். தோல் கழன்று வரும் பதம் வந்ததும் இறக்கி, அப்படியே விடியும்வரை ஊறவிடுவார்கள். இதுதான் நிஷ்டமால். புதிதாக வெள்ளையடித்த சுவரில் மழை பட்டால் ஒரு வாசனை வருமே, காலையில் பானையைத் திறந்தால் அந்த வாசனைதான். மஞ்சளாக வழுவழுவென்று இருக்கும் தண்ணீரை வடித்து, இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுத்தான் அரைப்பது.

சுண்ணாம்பு எதற்கு என்று நானும் கேட்டேன். "அது இல்லாமல் மாவு சேராது, ரொட்டி விண்டுபோகும்" என்றார் அந்த வீட்டு அம்மா. அது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சுண்ணாம்பில் வேகாத சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற விட்டமின் நம் உடம்பில் சரியாகச் சேராது. ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்தச் சமையல் முறையை விட்டுவிட்டார்கள். வட இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள், அந்த விட்டமின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயில் செத்தார்கள். நாவா அடுப்படியில் இருந்த அறிவு எவ்வளவு பெரியது என்று இதை வைத்தே சொல்லலாம்.

அரைக்கிற கல்லுக்கு மெட்லாட்ல் என்று பெயர், ஸ்பானிஷில் மெட்டாட்டே. மூன்று கால் வைத்துச் சரிவாக இருக்கும். முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஓர் உருளைக்கல்லைத் தள்ளித் தள்ளி அரைக்க வேண்டும். அந்த உருளைக்கல்லின் பெயர் மெட்லாபில். 'பில்' என்பது பில்லி, அதாவது பிள்ளை. அரைக்கும் கல்லின் பிள்ளை! அம்மிக் குழவியை நாம் ஏன் குழவி என்கிறோம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. குழவி என்றாலும் குழந்தைதானே. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மொழிகள் ஒரே கல்லுக்கு ஒரே பெயர் வைத்திருப்பதை நினைத்து அன்றைக்கு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மின்சார மில் வருவதற்கு முன்னால் ஒரு பெண் தினமும் நாலைந்து மணி நேரம் இந்தக் கல்முன் முட்டிபோட்டிருந்தாள். பழைமை அழகு என்று பேசும்போது இதை மறக்கக்கூடாது. இப்போது விடிகாலையில் வாளியோடு மில்லுக்குப் போகிறார்கள். வந்த மாவை வயதானவர்கள் மட்டும் கல்லில் இன்னொரு தடவை இழுத்துக்கொள்கிறார்கள், நைசாக வருவதற்கு.

இந்தப் பயிருக்கு அவர்கள் வைத்திருக்கும் சொற்களைப் பார்த்தால் தமிழருக்குச் சட்டென்று புரியும். நாற்று, நெல், அரிசி, சோறு என்று நாம் பிரிப்பதுபோல, இளம் பயிர் டோக்ட்லி, பச்சைக் கதிர் எலோட்ல், காய்ந்த கதிர் சென்ட்லி, உதிர்த்த மணி ட்லாவோலி, சுட்ட ரொட்டி ட்லாஷ்கலி. 16-ஆம் நூற்றாண்டில் சஹகூன் என்ற பாதிரியார் நாவா பெரியவர்களிடம் கேட்டு எழுதவைத்த புளோரன்டைன் ஏட்டில் ஒரு செய்தி இருக்கிறது. சோளத்தைப் பானையில் போடுமுன் பெண்கள் அதன்மேல் மூச்சு விடுவார்களாம், சூட்டைக் கண்டு அது பயப்படாமல் இருக்க. தரையில் சிந்திய மணியைப் பொறுக்காமல் போவது பாவம், அது கிடந்து அழும் என்றும் அதில் இருக்கிறது. நான் தங்கிய வீட்டில் மூச்சு விட்டதை நான் பார்க்கவில்லை. ஆனால் கதிர் உதிர்க்கும்போது தெறித்து ஓடிய மணியை, பேச்சை நிறுத்திவிட்டு, பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடி எடுத்ததைப் பலமுறை பார்த்தேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயலுக்கு மில்பா என்று பெயர். சோளத்தண்டில் பீன்ஸ் ஏறும், கீழே பூசணி படரும், நடுவில் முளைக்கும் கீரையும் குழம்புக்குத்தான். பாதை வெட்டுவது போன்ற ஊர்ப்பொது வேலைக்கு வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் போகவேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணைத் தெமாஸ்கல் என்ற வெந்நீராவிக் குடிலில் குளிக்கவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. கொட்டாத சிறு தேனீக்களை, வாயோடு வாய் வைத்து ஒட்டிய இரண்டு மண்பானைக்குள் வளர்க்கிறார்கள். அந்தத் தேன் தண்ணியாக, லேசான புளிப்போடு இருக்கும்.

நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களுக்குப் படையல். வாசலிலிருந்து படையல்வரை துலுக்கச் சாமந்தி இதழைத் தூவி வழி போடுவார்கள், வருகிறவர்களுக்குத் தெரிய. அந்தச் செடியே மெக்சிகோவிலிருந்து நமக்கு வந்ததுதான். அவர்கள் மொழியில் அதற்கு 'இருபது பூ' என்று பெயர். நம் சப்போட்டாவும் ட்சபோட்ல் என்ற நாவாட்டில் மொழிச் சொல்தான்.

குவெட்சாலான் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போங்கள். வெள்ளை உடையில் மலைக்கிராமத்துப் பெண்கள் காப்பிக்கொட்டையும் ஆல்ஸ்பைஸ் என்ற வாசனை மிளகும் கொண்டு இறங்குவார்கள். எல்லோரும் உயரக் கம்பத்தில் கயிறு கட்டிப் பறப்பவர்களைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு ராத்திரி தங்குங்கள். தங்கும் வீட்டில் சொல்லிவைத்தால் விடியுமுன் எழுப்பி, கூடவே மில்லுக்கு அழைத்துப்போவார்கள். வாளியை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள், நல்ல கனம் இருக்கும்.