சட்டக் கல்லூரி முதல் வருடம்: கேளுங்கள், சொல்கிறேன்

நான் ஐந்தாண்டு பி.ஏ. எல்எல்.பி. படிப்பில் கடைசி வருட மாணவி. பள்ளி முழுக்கத் தமிழ் வழி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, நானும் தமிழ் வழிதான். தீர்ப்பில் ஒரு பக்கம் படிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. எனக்கு இது சரிப்பட்டு வருமா?

வரும். வரிக்கு வரி அகராதி பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். முதலில் என்ன நடந்தது என்று தமிழில் கதையாக எழுதுங்கள். ஒப்பந்தச் சட்டத்தில் முதலில் வரும் கார்லில் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் புகை உருண்டையை (மூக்கில் உறிஞ்சும் மருந்து) சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்ஸா வந்தால் 100 பவுண்டு தருகிறோம்’ என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. கார்லில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, பணம் கேட்டார். கம்பெனியோ, அது வெறும் விளம்பரப் பேச்சு என்று கைவிரித்தது. 1892-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏன்? வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருப்பதாக அதே விளம்பரத்தில் கம்பெனி சொல்லியிருந்தது. விளையாட்டுக்குச் சொல்பவன் பணம் கட்டி வைப்பானா?

கதை, கேள்வி, முடிவு, காரணம். இந்த நான்கும் பிடிபட்டால் ஆங்கிலம் தானாகப் பின்னால் வரும். எனக்கு இரண்டாம் செமஸ்டரில்தான் வந்தது.

சீனியர் ஒருவர் ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) புத்தகத்தைச் சும்மா தருகிறார். வாங்கலாமா?

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்டப் பிரிவுகள் மட்டும் உள்ள புத்தகம்) தனியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அதுதான் நடப்புச் சட்டம். கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 302-இலிருந்து 103-க்குப் போய்விட்டது, மோசடி 420-இலிருந்து 318-க்கு. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். பழைய தீர்ப்புகளிலும் பழைய எண்கள்தான். (ஊரில் ஏமாற்றுக்காரனை ‘த்ரீ எய்ட்டீன்’ என்று கூப்பிட நாளாகும்.)

தங்கச்சி, எனக்கு 36 வயது. மூன்றாண்டு படிப்பில் சேர்ந்திருக்கிறேன். வேலையை விடாமல் படிக்க முடியுமா?

கஷ்டம் அண்ணா. பார் கவுன்சில் விதிப்படி 70 சதவீத வருகை வேண்டும். வயதை நினைத்துக் கூச்சப்படாதீர்கள். பட்டாவுக்கு அலைந்தவருக்குச் சொத்துச் சட்டம் சீக்கிரம் புரியும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பட்டாவையே பார்த்ததில்லை.

மூட் கோர்ட்டில் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) பேச நாக்கு எழவில்லை.

மனப்பாடம் செய்து போகாதீர்கள். நடுவர் இரண்டாவது நிமிடமே குறுக்கே கேட்பார், எல்லாம் மறந்துபோகும்.

வீட்டில் வக்கீல் யாரும் இல்லை. இன்டர்ன்ஷிப்புக்கு யாரிடம் போவது?

ஐந்தாண்டு படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுக்கு 12 வாரம் குறைந்தபட்சம் வேண்டும். எல்லோரும் ஹைகோர்ட் பெரிய ஆபீஸ்களையே பார்க்கிறார்கள். முதல் வருடத்துக்கு முன்சீஃப் கோர்ட்தான் (சிவில் வழக்குகளின் கீழ்மட்ட நீதிமன்றம்) நல்லது என்பது என் கட்சி. உங்கள் தாலுகா கோர்ட்டுக்குக் காலையிலேயே போய், சிவில் கேஸ் அதிகம் பார்க்கும் ஒரு வக்கீலிடம் நேரடியாகக் கேளுங்கள். முதலில் கேஸ் கட்டு தூக்கவும் வாய்தா தேதி குறிக்கவும்தான் விடுவார்கள். அந்தக் கட்டைப் பிரித்துப் பிராதைப் படிக்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.