‘பத்து வருஷமா சுகர்’ என்று சொன்னது யார்?

கேள்வி: கொளத்தூரில் இருக்கிறோம் சார். அம்மாவுக்கு 59 வயது. 2020 அக்டோபரில் ஐந்து லட்சத்துக்கு ஹெல்த் பாலிசி எடுத்தேன். ஒரு வருடம்கூட விடாமல் பிரீமியம் கட்டி வருகிறேன். 2025 ஜூனில் நள்ளிரவில் நெஞ்சுவலி. தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். கேஷ்லெஸ் கிடைக்கவில்லை, நகையை அடகு வைத்து 3,40,000 ரூபாய் கட்டினேன். பிறகு அந்தப் பணத்தைக் கேட்டு கிளெய்ம் போட்டால், ‘நோயாளிக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது, பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டீர்கள்’ என்று நிராகரித்துவிட்டார்கள். 2023-ல் தெருவில் நடந்த மெடிக்கல் கேம்ப்பில்தான் அம்மாவுக்கு சுகர் என்றே எங்களுக்குத் தெரியும். ‘விட்டுடுங்க, ஜெயிக்க முடியாது’ என்கிறார் ஏஜென்ட். கேஸ் போடலாமா?

பதில்: கேஸ் இருக்கட்டும். முதலில் அந்தப் ‘பத்து ஆண்டு’ எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்.

நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தேன். முந்தைய நோய்கள் என்ற இடத்தில் ‘சுகர், பத்து வருடம்’ என்று அரை வரி இருக்கிறது. கம்பெனியின் மொத்த வாதமும் அந்த அரை வரியில்தான் நிற்கிறது. இந்த மாதிரி வரி எப்படி எழுதப்படுகிறது என்று பல ஃபைல்களில் பார்த்துவிட்டேன். ராத்திரி கேஷுவாலிட்டி. ஸ்ட்ரெச்சரில் அம்மா பேசும் நிலையில் இல்லை. டூட்டி டாக்டர் பக்கத்தில் நிற்பவரிடம், “சுகர், பிரஷர் இருக்கா? எத்தனை வருஷமா?” என்கிறார். நிற்பது சித்தியாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருக்கும். பதற்றத்தில், “இருக்குங்க, ஒரு பத்து வருஷம் இருக்கும்” என்று சொல்லிவிடுவார்கள். அவர் எழுதிக்கொள்வார். அதுவே கேஸ் ஷீட்டிலிருந்து சம்மரிக்குப் போய், அங்கிருந்து கம்பெனியின் மேஜைக்கும் போய்விடும். அன்றைக்கு அம்மாவோடு போனது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் மருத்துவமனைக்குப் போய், அம்மா கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து முழு கேஸ் ஷீட்டின் நகலைக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. ‘மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். கடிதத்தின் நகலில் சீல் வாங்கிக்கொண்டு நகருங்கள். கேஸ் ஷீட்டில் அந்தத் தகவலைச் சொன்னவர் யார் என்று குறித்திருக்கிறார்களா, வேறு பக்கத்தில் வேறு வருடக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் பத்து, இன்னொரு பக்கத்தில் இரண்டு என்று இருந்தால் உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். சிகிச்சை செய்த இதய மருத்துவரிடம், அந்த வரி உறவினர் சொன்னதை வைத்து எழுதியது, பழைய மருத்துவச் சீட்டு எதையும் பார்த்து எழுதியதல்ல என்று ஒரு சான்று கேளுங்கள். உண்மை அதுவென்றால் பெரும்பாலானவர்கள் தருவார்கள். 2023 கேம்ப் சீட்டு, அதற்குப் பிறகு மாத்திரை எழுதிய முதல் சீட்டு, 2020-க்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை ஏதாவது இருந்தால் அதுவும் வேண்டும். வீட்டில் பழைய பிளாஸ்டிக் பைகளைக் கொட்டித் தேடுங்கள்.

பாலிசி எடுக்கும்போது கம்பெனியே மெடிக்கல் டெஸ்ட் எடுத்ததா? எடுத்து, அதில் சர்க்கரை சரியாக இருந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பாலிசிக்கு விண்ணப்பித்த ப்ரோபோசல் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதை ஏஜென்ட் நிரப்பினாரா, அம்மா படிக்காமல் கையெழுத்துப் போட்டாரா என்பதை என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ‘ஏஜென்ட் எழுதினார், எனக்குத் தெரியாது’ என்ற வாதம் நினைக்கிற அளவுக்கு எடுபடாது, கையெழுத்துக் கையெழுத்துதான்.

இனி சட்டம். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் கொண்டுவந்த மாற்றத்தின்படி, பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய ‘மறைத்துவிட்டாய்’ என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. உங்களுக்கு ஜூனில் 56 மாதம். நான்கே மாதம் குறைகிறது! ஆனால் அதற்கு முன் வேறு கம்பெனியில் பாலிசி இருந்து, அதை விடாமல் இங்கே மாற்றி (போர்ட் செய்து) வந்திருந்தால் அந்த மாதங்களும் கணக்கில் சேரும். அப்படி ஏதும் இருந்தால் உடனே சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சுற்றுகிறது. மறைத்த நோய்க்கும் மரணத்துக்கும் சம்பந்தம் இல்லையென்றால் பணம் தர வேண்டும் என்பது அது. அதை நம்பி இறங்காதீர்கள். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று எதிர்த்தரப்பு முதல் நாளே சொல்லும். உங்கள் பிடிமானம் வேறு: மறைத்ததாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2024-ல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. 2020-க்கு முன் அம்மா சிகிச்சை எடுத்ததற்கான சீட்டு ஒன்றைக்கூடக் காட்டாமல், சம்மரியின் அரை வரியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்ற கம்பெனிகள் நுகர்வோர் ஆணையங்களில் பலமுறை தோற்றிருக்கின்றன.

நிராகரிப்புக் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்று அதில் குறிப்பிட வேண்டும். கம்பெனியின் கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எதையும் நிராகரிக்கக் கூடாது. இரண்டும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் உள்ளவை. குழு எந்தத் தேதியில் ஒப்புதல் தந்தது என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைப் பிறகு வழக்கில் கிளப்பவும் கம்பெனிக்கு வழியில்லை. 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இத்தனை காகிதத்தையும் இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். ‘ஏழைத் தாய்’, ‘மனச்சாட்சி இல்லையா’ எல்லாம் வேண்டாம். தேதி, தொகை, ஆதாரம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதிந்துவிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால், தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் போங்கள், புகாரை ஆன்லைனிலும் போடலாம். கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை விசாரிப்பார், ஓராண்டுக்குள் போக வேண்டும். அங்கே வக்கீலுக்கு இடமில்லை, எனவே இந்த யோசனையில் எனக்கு லாபமும் இல்லை. அவர் உங்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டால் கம்பெனி 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். பாதகமாகப் போனால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அவசரப்பட்டு முதலிலேயே ஆணையத்தில் வழக்குப் போட்டால் ஆம்புட்ஸ்மேன் உங்கள் புகாரை எடுக்க மாட்டார். அதனால்தான் கேஸ் இருக்கட்டும் என்றேன்.

ஆணையத்துக்கு இரண்டு வருடக் கெடு. சென்னையில் வடக்கு, தெற்கு என்று இருக்கிறது. உங்கள் விலாசம் எதில் வருகிறதோ அங்கே. அந்தக் கட்டம் வந்தால் அடகு ரசீதும் வட்டிக் கணக்கும் நஷ்டஈடு கேட்க உதவும், பத்திரம்.

இதற்கிடையே கம்பெனியின் ஆள் என்று யாராவது வீட்டுக்கு வந்து, ‘இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, பாதிப் பணமாவது வரும்’ என்று ஆங்கிலத் தாளை நீட்டினால் அம்மாவைப் போடவிடாதீர்கள். ரின்யூவல் பிரீமியத்தைக் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். 60 மாதக் கணக்கு அறுந்துவிடும். அந்த ரின்யூவலிலேயே சுகரையும் ஸ்டென்ட்டையும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிவிடுங்கள்.