தேய்மானம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மெல்போர்ன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஏ.எஃப்.எல். என்கிற ஆஸ்திரேலிய ஃபுட்டி லீக்கில் கார்ல்டன் கிளப்பின் ரசிகன். 2025 அக்டோபர் ட்ரேடில் (கிளப்புகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் பருவம்) எங்கள் ஆட்டக்காரர் சார்லி கர்னோவை சிட்னிக்கு விட்டதிலிருந்து நண்பர்களோடு ஓயாத சண்டை. ஒப்பந்தம் பாக்கி இருக்கும் ஆளை விட்டது தப்பு என்கிறார்கள். நான் லாபம் என்கிறேன். 28 வயது, முழங்காலில் கத்தி வைத்த உடம்பு, தேய்மானச் சொத்து. பதிலுக்கு வில் ஹேவர்ட் என்ற ஆட்டக்காரரும், டிராஃப்டில் (கிளப்புகள் வரிசைப்படி புது ஆட்களை எடுக்கும் முறை) முதல் சுற்றுப் பிக்குகளும் வந்திருக்கின்றன. எல்லா ஆட்டக்காரர்களின் வயது, சம்பளம், காயம் எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டு வைத்திருக்கிறேன். 30 தாண்டியவர்களைக் காலாவதி ஆவதற்குள் தள்ளிவிட வேண்டும் என்பது என் கட்சி. இந்த ட்ரேடில் ஜெயித்தது யார்? ஐபிஎல் ஏலத்தோடு இதை ஒப்பிட முடியுமா? தன் அகாடமியில் வளர்ந்த பையன்களை டிராஃப்டில் எடுக்கக் கோல்ட் கோஸ்ட் கிளப்புக்குக் கிடைக்கும் சலுகை நியாயமா? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

ஆர்., கிளேட்டன்

அன்புள்ள ஆர்.,

ஐபிஎல் ஒப்பீடு வேண்டாம். அங்கே சில வருடத்துக்கு ஒருமுறை கூடையையே கவிழ்த்து மறுபடி பொறுக்குகிறார்கள், இங்கே ஒரு பையன் பதினெட்டு வயதில் ஒரு கிளப்புக்குள் வந்தால் பதினைந்து வருடம் அங்கேயே இருந்து முடிப்பதும் உண்டு. அகாடமி விஷயத்தில் எல்லோரும் அவரவர் கிளப்புக்கு வசதியாகத்தான் பேசுகிறோம், அதற்குள் போக விருப்பமில்லை. இதற்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே 'தேய்மானச் சொத்து' என்ற அந்த ஒரு சொல்லால்தான். நீங்கள் கணக்குத் துறையில் இருப்பவராக இருக்கலாம். லேத் மெஷினுக்குத் தேய்மானம் எழுதலாம், வேனுக்கு எழுதலாம். ஒரு முழங்காலில் திரும்பத் திரும்ப அறுவை செய்துகொண்டு, கிட்டத்தட்ட இரண்டு சீசன் மைதானத்துக்கு வெளியே இருந்து, திரும்பி வந்து 2022, 2023 இரண்டு வருடமும் அதிகக் கோல் அடித்தவனுக்கான கோல்மன் மெடல் வாங்கிய ஒருவனுக்கு அந்தச் சொல்லைப் போட உங்களுக்கு எப்படிக் கை வந்தது? அவன் அடித்த ஒவ்வொரு கோலுக்கும் நீங்களும்தானே எழுந்து கத்தியிருப்பீர்கள்.

ட்ரேடே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். 1986-இல் டிராஃப்ட், 1987-இல் சம்பள உச்சவரம்பு என்று வந்த பிறகு ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் கட்டாமல் எந்தக் கிளப்பும் பிழைக்க முடியாது. நாற்பத்துச் சொச்சம் பேருக்கு ஒரே உண்டியலிலிருந்து சம்பளம், கடைசியில் முடித்தவனுக்கு டிராஃப்டில் முதல் வாய்ப்பு. பணக்காரக் கிளப்பே எல்லோரையும் வாரிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். உச்சவரம்பை ஏய்த்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கார்ல்டனைவிட யார் அறிவார்கள்? 2002-இல் 9 லட்சத்து 30 ஆயிரம் டாலர் அபராதம், டிராஃப்டில் முன்வரிசைப் பிக்குகள் பறிமுதல், அதன் பிறகு எழுந்திருக்கவே எத்தனை வருடம்.

என் சண்டை 'ஜெயித்தது யார்' என்ற கேள்வியோடுதான். ட்ரேட் முடிந்த ராத்திரியே எல்லோரும் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். இவனுக்கு ஏ, அவனுக்கு சி. யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, உங்கள் எக்ஸெலுக்கும் தெரியாது, பட்டியலைக் கட்டி, கையெழுத்துப் போட்ட லிஸ்ட் மேனேஜருக்கே தெரியாது.

உங்கள் கிளப்பையே எடுத்துக்கொள்வோம். 2007 கடைசியில் கிறிஸ் ஜட் வந்தார். பெர்த்தில் வெஸ்ட் கோஸ்டின் கேப்டன், அதற்கு முந்தைய வருடம்தான் லீக் பட்டமான பிரீமியர்ஷிப் கோப்பையைத் தூக்கியவர், சொந்த ஊரான மெல்போர்னுக்குத் திரும்ப ஆசைப்பட்டார். அவருக்காகக் கார்ல்டன் கொடுத்தது 3-ஆம் பிக், 20-ஆம் பிக், கூடவே ஜோஷ் கென்னடி என்ற இருபது வயதுப் பையன். அன்றைக்கு ஊரெல்லாம் ஜட் பேச்சு. கென்னடியின் பெயர் செய்திகளில் இரண்டாம் பத்தியிலோ மூன்றாம் பத்தியிலோ வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாக்காரன்தான், ஆனாலும் கார்ல்டனை விட்டுப் போக மனமில்லாமல் போனவன்.

சரி, யார் ஜெயித்தார்கள்? 2010-இல் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ மெடலை ஜட் வாங்கியபோது கார்ல்டன் ஜெயித்த மாதிரி இருந்தது. 2015-இல் ஜட் முழங்கால் போய் ஓய்வு பெற்றார், அவர் இருந்த காலத்தில் கார்ல்டன் ஒரு கிராண்ட் ஃபைனலைக்கூடப் பார்க்கவில்லை. அதே 2015-இலும் அடுத்த வருடமும் கென்னடிக்குக் கோல்மன் மெடல். 2018-இல் பிரீமியர்ஷிப். வெஸ்ட் கோஸ்டுக்கு 700-க்கும் மேல் கோல் போட்டு, 2022-இல் விடைபெற்ற ஆட்டத்தில் மட்டும் எட்டுக் கோல் அடித்து வெளியேறினார். அப்படியானால் வெஸ்ட் கோஸ்ட் ஜெயித்ததா? ஆனால் அடிமட்டத்தில் கிடந்த ஒரு கிளப்புக்குள் ஜட் வந்து மறுபடி ஆட்களை மைதானத்துக்குக் கூட்டிவந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பதினெட்டு வருடம் கழித்தும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் மூன்றே வாரத்தில் லாபம் என்று எழுதுகிறீர்கள்.

இன்னொன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் ஹாதோர்ன் கிளப், ட்ரென்ட் க்ரோடையும் லூக் மெக்ஃபார்லினையும் ஃப்ரீமான்டிலுக்குக் கொடுத்து மூன்று பிக்குகள் வாங்கியது: 1, 20, 36. முதல் பிக்கில் லூக் ஹாட்ஜை எடுத்தார்கள், அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். யாரும் கண்டுகொள்ளாத அந்த 36-இல் வந்தவர் சாம் மிட்செல். முந்தைய வருட டிராஃப்டில் எந்தக் கிளப்பும் தொடாத பையன், வேகம் போதாது என்று ஒதுக்கப்பட்டவன். அவர்தான் 2008-இல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். அந்த மேடையில் இன்னொருவரும் நின்றார். விற்கப்பட்டு, பிறகு திரும்ப வந்த அதே க்ரோட், அன்றைய ஆட்டத்தில் பாதம் முறிந்து அதன் பிறகு ஒரு ஆட்டமும் ஆடாத க்ரோட். விற்கப்பட்டவனும் அவனுக்குப் பதிலாக வந்தவனும் கழுத்தில் ஒரே பதக்கத்தோடு நிற்கிறார்கள், இதில் லாபக் கணக்கை எங்கே தொடங்குவீர்கள்? 2016 கடைசியில் அதே மிட்செலை, 34 வயதில், கடைசி வரிசைப் பிக்குகளுக்கு வெஸ்ட் கோஸ்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் பாஷையில் காலாவதிச் சரக்கைத் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு ஹாதோர்னின் பயிற்சியாளர் யார் என்று உங்களுக்கே தெரியும். அவரை அனுப்பிய விதத்தில் கதவைச் சாத்தாமல் அனுப்பினார்கள், அதனால்தான் அவரால் திரும்ப வர முடிந்தது.

இதையெல்லாம் நான் புள்ளிவிவரம் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. 1996-இல் மாணவனாக இந்த ஊருக்கு வந்தேன். கிளேட்டன் பக்கம் ஒரு பேக்கிங் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். என் பக்கத்து மேஜையில் அறுபதை நெருங்கும் ஒரு கிழவர், பேச்சு குறைவு, பெட்டிக்கு டேப் ஒட்டும் வேகத்தில் என்னைப் போல மூன்று பேருக்குச் சமம். ஃபிட்ஸ்ராய் ரசிகர். 1897-இல் லீக் தொடங்கியபோது இருந்த எட்டுக் கிளப்பில் ஒன்று, கடைசியாகக் கோப்பை ஜெயித்தது 1944-இல். நான் வந்த 1996-இல் அது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. முதலில் நார்த் மெல்போர்னோடு சேர்க்கத்தான் பேச்சு நடந்தது. இரண்டு பட்டியலும் ஒன்று சேர்ந்தால் யாராலும் ஜெயிக்க முடியாத அணி ஆகிவிடும் என்று மற்ற கிளப்புகள் பயந்தன. ஜூலை 4-ஆம் தேதி பிரிஸ்பேன் கிளப்போடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பாருங்கள், ஒரு கிளப் எந்த ஊரில் போய்ச் சேர்வது என்பதைக்கூட லிஸ்ட் கணக்குதான் தீர்மானித்தது.

ஆகஸ்ட் 25, மெல்போர்னில் ஃபிட்ஸ்ராயின் கடைசி ஆட்டம். எம்.சி.ஜி. மைதானத்துக்கு என்னை அவர்தான் கூட்டிப் போனார். நான் பார்த்த முதல் ஃபுட்டி ஆட்டமே அதுதான். ரிச்மண்ட் 151 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அவர் ஸ்கோர் போர்டைப் பார்க்கவே இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள் கம்பளிக் கழுத்துத்துணியின் நுனியை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார், ஆட்டம் முடிவதற்குள் நுனி நூல் பிரிந்து தொங்கியது. எனக்கு விதிகூடத் தெரியாது, ஏன் இத்தனை பேர் தோற்கும் அணிக்காக நிற்கிறார்கள் என்று மட்டும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அந்த எட்டுப் பேர் பட்டியல் வந்தது. ஃபிட்ஸ்ராயிலிருந்து பிரிஸ்பேன் எட்டுப் பேரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டீ இடைவேளையில் அவர் செய்தித்தாளிலிருந்து அந்தப் பெயர்களை மட்டும் கையாலேயே நீளமாகக் கிழித்து எடுத்தார். கப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தார். கடைசிப் பெயருக்குக் கீழே விரல் நின்றது. சட்டைப் பையிலிருந்து பெட்டியில் எண் போடுகிற பென்சிலை எடுத்து ஒன்பதாவதாக ஒரு பெயரை எழுதினார். பைக். மார்ட்டின் பைக். அந்த வருடம் ஃபிட்ஸ்ராயின் சிறந்த ஆட்டக்காரர் விருதை, அந்தக் கிளப் கொடுத்த கடைசி விருதை, வாங்கியவர். எட்டில் அவர் இல்லை.

பைக்கை நார்த் மெல்போர்ன் எடுத்துக்கொண்டது, 1999-இல் அங்கே ஒரு பிரீமியர்ஷிப். 2000-த்துக்குப் பிறகு அவர்களும் வேண்டாம் என்றார்கள். யார் எடுத்தது தெரியுமா? பிரிஸ்பேன். எட்டுப் பேரில் சேர்க்காமல் விட்ட அதே பிரிஸ்பேன். 2001, 2002, 2003 மூன்று கோப்பையிலும் பைக் இருந்தார், எட்டில் ஒருவராகப் போன கிறிஸ் ஜான்சனும் இருந்தார். 1996-இல் உங்களைப் போல ஒருவர் போட்ட கணக்கில் பைக்கின் வரியில் என்ன எழுதியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வரியை எழுதியவர் மோசமானவர் இல்லை, எட்டுதான் இடம், யாரையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் விட்டவனை மட்டம் தட்டிப் பேச அவருக்கு உரிமை கிடையாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, மரியாதையாக விடவேண்டும். உங்கள்மேல் எனக்குக் கோபம் இவ்வளவுக்குத்தான்.

2001 கிராண்ட் ஃபைனல் முடிந்த மறுநாள் அந்தக் கிழவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஃபிட்ஸ்ராய் போனபின் எந்த அணிக்கும் ரசிகராக மாட்டேன் என்று சொல்லியிருந்தவர், பிரிஸ்பேன் ஆட்டத்தைப் பார்த்தாரா என்று கேட்கவே எனக்குத் தயக்கம். சமையலறையில் டீ போடும்போது ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். ஐந்து வருடம் பழசான அந்தக் காகிதக் கீற்று, மஞ்சளடித்து, காந்தத்தில் ஒட்டியிருந்தது. பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "இவனை நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன்," என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டார்.

கர்னோவை விட்டது சரியா என்று கேட்டிருந்தீர்கள். போக வேண்டும் என்று மனம் வைத்துவிட்டவனைக் காகிதத்தைக் காட்டிப் பிடித்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் விட்டது சரிதான் என்று நினைக்கிறேன். ஹேவர்டுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், முதல் மாதத்திலேயே அவருக்கும் மதிப்பெண் போட ஆரம்பித்துவிடாதீர்கள். எக்ஸெலை அழிக்கச் சொல்லமாட்டேன், உழைத்துச் செய்திருக்கிறீர்கள், சம்பளக் கணக்குப் பகுதியை எனக்கும் அனுப்புங்கள், பார்க்க ஆசை. 'தேய்மானம்' என்று தலைப்புப் போட்ட அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்