அணுவாயுதக் களைவில் நடுத்தர நாடுகள்: கேள்வி பதில்

கொக்குவில்: குண்டு இல்லாத நாடுகள் பேசி என்ன பயன், ஐயா?

எந்த அவையில் பேசுகின்றன என்பதுதான் முக்கியம், தம்பி. ஜெனீவா ஆயுதக்களைவு மாநாட்டில் 65 நாடுகள். ஒன்று மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும். அதனால் ஒஸ்ரியா, மெக்சிக்கோ, அயர்லாந்து, பிரேசில், நைஜீரியா, தென்னாபிரிக்கா ஆறும் 2016இல் ஐ.நா. பொதுச்சபைக்குப் போயின. அங்கே பெரும்பான்மை போதும். 2017 யூலை 7இல் அணுவாயுதத் தடை ஒப்பந்தம் நிறைவேறியது: ஆதரவு 122, எதிர்ப்பு 1, விலகல் 1.

பருத்தித்துறை: 1995இல் இலங்கை இராஜதந்திரி ஜயந்த தனபால செய்தது என்ன?

பிள்ளை, இதை ஆறுதலாக வாசியுங்கோ. அணுவாயுதம் மேலும் நாடுகளுக்குப் பரவாமல் தடுக்கும் பரவல் தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து 25 ஆண்டு கழித்து, அதன் ஆயுளைப் பெரும்பான்மையால் முடிவுசெய்ய வேண்டும் என்கிறது அதன் பத்தாம் உறுப்புரை. அதை முடிவுசெய்யக் கூடிய நியூயோர்க் மாநாட்டுக்கு அவர் தலைவர். காலவரையறையற்ற நீடிப்புக்கு நூறுக்கு மேற்பட்ட நாடுகளின் ஆதரவைக் கனடா திரட்டியிருந்தது. வாக்கெடுத்தாலே வென்றிருக்கும். ஆனால் தோற்ற நாடுகளின் பட்டியலும் பதிவாகியிருக்கும். அந்த நாடுகளுக்கு ஒப்பந்தத்தில் பற்று வராது. அதனால் 'பெரும்பான்மை உள்ளதால்' என்ற காரணத்தைத் தீர்மானத்துக்குள்ளேயே எழுதி, மே 11இல் வாக்கெடுப்பின்றி நிறைவேற்றினார்கள். கூடவே கொள்கைகளும் இலக்குகளும் என்ற தீர்மானம். 1996க்குள் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை முடிக்கவேண்டும் என்று அதில் இருந்தது. முடிந்தது. 'பெரும்பான்மை உள்ளதால்' என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு உழைப்பு!

சாவகச்சேரி: அந்தச் சோதனைத் தடையில் இலங்கை 1996இலேயே கையெழுத்து வைத்ததுதானே?

கைச்சாத்து வேறு, அதைச் சட்டப்படி உறுதிப்படுத்தும் ஏற்புறுதி வேறு. ஏற்புறுதி 2023 யூலையில்தான், கிட்டத்தட்ட 27 ஆண்டு கழித்து.

கோண்டாவில்: குண்டு வைத்திருப்பவர் ஒருவரும் சேராத 2017 அணுவாயுதத் தடை ஒப்பந்தம் வெறும் காகிதம்!

நல்லூர்: அண்ணை, 1967இன் லத்தீன் அமெரிக்க அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தையும் அப்படித்தானே சொன்னார்கள்?

நல்லூர் தங்கச்சி சொல்வது சரி. மெக்சிக்கோவின் அல்போன்சோ கார்சியா ரோப்ளஸ் முன்னின்று செய்த ஒப்பந்தம் அது. வல்லரசுகளுக்கென்று தனி நெறிமுறை ஒன்று வைத்தார்கள்: அந்தப் பிராந்தியத்துக்கு எதிராகக் குண்டைப் பாவிக்கமாட்டோம் என்று. ஐந்து வல்லரசுகளும் ஒவ்வொன்றாக ஏற்றன. கோண்டாவில் அண்ணையின் கேள்வியில் ஞாயம் உண்டு; புதிய ஒப்பந்தம் குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளையும் இன்று கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் நாலாம் உறுப்புரையில் இரண்டு வாசல் இருக்கு: அழித்துவிட்டுச் சேரலாம், சேர்ந்துவிட்டுக் காலக்கெடுவோடு அழிக்கலாம். ஆறாம் உறுப்புரை சோதனையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி கேட்கிறது. செமிபலாட்டின்ஸ்க் என்ற சோவியத் சோதனைத் தளத்தில் 456 சோதனைகளைத் தாங்கிய கசகஸ்தானுக்கு அது காகிதம் இல்லை.

மன்னார்: கூடங்குளம் ஆபத்தா?

அது மின்நிலையப் பாதுகாப்பு. அணுப் பொறியியல் படித்தவரிடம் கேளுங்கோ.

சுன்னாகம்: அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இலங்கை எப்போது கைச்சாத்திட்டது?

திரும்பவும் கைச்சாத்து! இதில் இலங்கை கைச்சாத்தே இடவில்லை. 2023 செப்டெம்பரில் நேரடியாக இணைந்தது.

மானிப்பாய்: நிறைவேறியது 2017, நடைமுறை 2021. ஏன்?

ஐம்பதாவது ஏற்புறுதி வேண்டும். பிறகு 90 நாள். ஹொண்டுராஸ் 2020 ஒக்டோபர் 24இல் கொடுத்தது. எண்ணிப் பாருங்கோ, 2021 ஜனவரி 22.