நீஸ் கடலோரத்தில் பறித்த இலை: குழம்பில் போடாதீர்கள்

பிரான்ஸில் நீஸ் நகரத்துப் பக்கத்துக் கடலோரப் பாதையில் 'லோரியே' என்று யாரோ காட்டிய புதரில் இலை பறித்து வந்ததாகவும், பிரியாணிக்குப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பிரெஞ்சில் 'லோரியே சோஸ்' என்றால் சமையல் இலை, அதாவது பே லீஃப். 'லோரியே ரோஸ்' என்றால் நம்ம ஊர்ச் செவ்வரளியேதான்! அங்கே ஓடைக் கரையிலும் சாலையோரத்திலும் நிறைய நிற்கும். பெயரின் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் பறிப்பதில்தான் ஆபத்து.

நீங்கள் அனுப்பிய படம் மங்கலாக இருக்கிறது, ஆனால் ஒரு கணுவில் மூன்று இலைகள் வட்டமாக நிற்பது போலத் தெரிகிறது. அது அரளியின் அடையாளம். சமையல் இலை காம்பில் மாறி மாறி ஒற்றையாக வரும், ஓரம் லேசாக அலையும். கசக்கினால் வாசனை தூக்கும். அரளி இலை குறுகி, நீண்டு, தோல் போல் விறைப்பாக இருக்கும். நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக ஓடும். மணமே இருக்காது.

நம் கடைகளில் விற்கும் பிரியாணி இலையை வைத்து ஒப்பிடாதீர்கள். அது வேறு மரம், நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும்.

காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அரளி விஷம் போகாது, இதயத்தைத் தாக்கும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே பிரான்ஸின் மருத்துவ அவசர எண்ணான 15க்கு அழையுங்கள். இல்லையென்றால் அப்படியே குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பொட்டலம் வாங்கினால் மாதக்கணக்கில் வரும்.