வாய்மொழி விருப்பமும் நீதிமன்றம் கேட்கும் சான்றும்

நினைவு திரும்பாத உங்கள் அக்கா, நலமாயிருந்தபோது “குழாய் வைத்து என்னைக் கிடத்தாதீர்கள்” என்று சொன்னதற்குச் சான்று கேட்பது அவருடைய அந்தரங்க உரிமையில் அரசு தலையிடுவதாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தலையீடுதான், ஆனால் காரணமற்றதன்று.

1976இல், நினைவின்றிச் செயற்கைச் சுவாசக் கருவியில் கிடந்த கேரன் குயின்லன் என்ற இளம்பெண்ணின் வழக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம், உடலின் மீதான மருத்துவத் தலையீடு கூடக்கூட, மீளும் வாய்ப்பு மங்க மங்க, அந்தரங்க உரிமை வலுத்து, உயிரைக் காப்பதில் அரசுக்குள்ள அக்கறை தளர்கிறது என்றது. 1990இல், நினைவின்றி உணவூட்டும் குழாயோடு கிடந்த நான்சி குரூசன் என்ற பெண்ணின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, நோயாளியால் பேச முடியாத நிலையில் தெளிவான, நம்பத்தக்க சான்றைக் கேட்க மிசௌரி மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. உடன் வசித்த தோழியிடம் நான்சி முன்பு பொதுவாகச் சொன்னது அப்போது போதவில்லை. அவருடன் பணியாற்றியவர்கள் புதிதாகச் சாட்சியமளித்த பின்னரே கீழமை நீதிமன்றம் குழாயை அகற்ற அனுமதித்தது.

தவறாக முடிந்த உயிரை மீட்க முடியாது என்பதால் சான்று கேட்பதை நான் ஏற்கிறேன். எழுத்துச் சான்று மட்டுமே செல்லும் என்றால் ஏற்க மாட்டேன். இப்படிப்பட்ட பேச்சை, யாரையாவது மருத்துவமனையில் பார்த்துவிட்டு வரும் வழியில்தான் பெரும்பாலோர் பேசுகிறார்கள்.

ஆகவே, அக்கா சொன்னதைக் கேட்டவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசாமல், எப்போது, யாருடைய நிலையைக் கண்டு, எந்தச் சிகிச்சையைக் குறித்துச் சொன்னார் என்பதைத் தனித்தனியே எழுதித் தேதியிட்டு உங்கள் வழக்கறிஞரிடம் கொடுக்கட்டும். “இப்படி வாழ்வதற்குச் சாகலாம்” என்ற பொதுப்பேச்சைவிடக் குழாயைக் குறிப்பிட்டுச் சொன்ன அந்த வாக்கியத்துக்கே எடை அதிகம்.